பினாங்கில் குத்திய ஒரு காது

கப்பலில் போனவர்கள் எல்லோரும் கடல் நீலமாக இருந்தது, நிலா பாலாகக் கொட்டியது என்று எழுதுகிறார்கள். அவர்கள் மேலே அறை எடுத்துப் போனவர்களாக இருக்கும். நாங்கள் டெக்கில் போனோம். பாயை விரித்துப் படுத்தால் தலைமாட்டில் ஒருவர் வாந்தி எடுப்பார், கால்மாட்டில் ஒருவர் வெங்காயம் உரிப்பார். கடலைப் பார்க்கிறேன் என்று எழுந்து போனால் திரும்பி வருவதற்குள் நம் இடத்தில் வேறொருவர் பெட்டியை வைத்துவிடுவார். அதனால் கடலைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. என் காதைப் பற்றித் தெரியும். அதை எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அப்பா சிங்கப்பூரில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். ஊருக்கு வந்தவர், திரும்பும்போது எங்களையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். எங்கள் ஊர் திருமயத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து பஸ்ஸில் புதுக்கோட்டை, பிறகு ரயிலில் நாகப்பட்டினம், அங்கே கப்பல். அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்கா என்று நாலு பேர். அத்தையின் புருஷனும் சிங்கப்பூரில்தான் இருந்தார். அவர் வரச்சொன்னாரா, அத்தையாகவே கிளம்பிவிட்டாளா என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை. அவளைச் சிங்கப்பூர்க் கப்பல்துறையில் கண்டதும் மாமனாரைக் கண்ட புது மாப்பிள்ளை மாதிரி அவர் முழித்ததை மட்டும் பார்த்தேன்.

எனக்கு ஒன்பது வயது. காது குத்தவில்லை.

ஒன்பது வயதுப் பெண்பிள்ளை மொட்டைக் காதோடு திரிந்தால் எங்கள் பக்கத்தில் என்ன பேசுவார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் என்னை மூளி என்றார்கள். நான் அடித்தேன். அதற்கும் என்னைத்தான் வைதார்கள். காது குத்தாததற்குக் காரணம் எங்கள் வீட்டு வறுமை இல்லை. என் தாய்மாமன் பினாங்கில் இருந்ததுதான் காரணம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். அம்மாவுக்கு அப்பா இல்லை, ஆத்தா இல்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரே அண்ணன்தான். அவர் நான் பிறப்பதற்கு முன்பே பினாங்குக்குப் போய் ஓர் அரிசிக் கிடங்கில், அங்கே கிட்டங்கி என்பார்கள், வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நான் பிறந்தபோது ஜப்பான் சண்டை. கப்பல் இல்லை. சண்டை முடிந்த பிறகு கப்பல் இருந்தது, மாமா வரவில்லை. ஒரு வருஷம் முதலாளி லீவு கொடுக்கவில்லை. ஒரு வருஷம் காய்ச்சல். ஒரு வருஷம் வருகிற ஆள் கையில் பட்டுச் சேலை கொடுத்தனுப்பினார்.

"சேலை வருது, சோப்பு வருது, தைலம் வருது. ஆளு மட்டும் வரலையே. ஒங்கண்ணன் கடல்ல பாலம் கட்டிக்கிட்டு வாராரோ?" என்று அத்தை கேட்பாள்.

"வருவாரு மதினி" என்பாள் அம்மா.

ஒன்றுவிட்ட மாமன்கள் உள்ளூரிலேயே இருந்தார்கள். அவர்களில் ஒருத்தர் மடியில் உட்காரவைத்துக் குத்திவிடலாம் என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். கூடப் பிறந்தவர் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தர் மடியா என்று அம்மா கேட்டாள். இது என் காது சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. தனக்கு ஆள் இருக்கிறது என்று புருஷன் வீட்டுக்குக் காட்டவேண்டும், அவ்வளவுதான். அதற்கு என் காது. ஒன்பது வயதிலேயே எனக்கு இது புரிந்தது. புரிந்ததால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

கப்பல் சிங்கப்பூர் போகிற வழியில் பினாங்கில் ஒரு பகல் நிற்கும். அந்தப் பகலில் காதுகுத்து என்று அம்மா முடிவு செய்திருந்தாள். மாமாவுக்குக் கடுதாசி போயிருந்தது. ஆசாரிக்குச் சொல்லிவைத்திருப்பதாக அவரும் பதில் போட்டிருந்தார்.

"நின்ன எடத்துல காதுகுத்துறதுக்கு இது என்ன பஸ்ஸா? கீரனூர்ல எறங்கிக் காப்பி குடிச்சிட்டு ஏறுற மாதிரி சொல்றா" என்றாள் அத்தை. அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அம்மாவிடம் நியாயம் பேசி யாரும் ஜெயித்ததில்லை.

பினாங்கு வந்தது. கப்பல் கரையில் ஒட்டவில்லை, கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டு நின்றது. சிங்கப்பூர் போகிறவர்கள் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடவேண்டும் என்று சொல்லிக் கரைக்குப் போக விட்டார்கள். மோட்டார் படகு வந்து அள்ளிக்கொண்டு போகும். கப்பலில் ஏறியதிலிருந்து எங்களுக்குக் கிடைத்த சோற்றையும் அதன் மேல் ஊற்றிய மஞ்சள் தண்ணீரையும் தின்று அப்பாவின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முதல் படகிலேயே போகவேண்டும் என்று அவர் துடித்தார்.

"அண்ணன் வந்து கூப்பிடட்டும்" என்றாள் அம்மா.

"அவரு எங்கிட்டு வருவாரு? நடுக்கடலுக்கா? கரையில நிப்பாரு, வா" என்று அப்பா அவளை ஏணியில் இறக்கினார். நானும் அத்தையும் பின்னால் இறங்கினோம். ஏணியில் இறங்கும்போது அத்தை வழியில் இருந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள்.

கரையில் மாமா இல்லை. அம்மா ஒவ்வொரு ஆள் முகத்தையும் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையில் ஒரு சீனாக்காரர் பயந்துபோய் விலகி நடந்தார். அப்பாவிடம் மாமா குடியிருந்த தெருவின் பெயர் இருந்தது. ரிக்‌ஷா பிடித்துப் போனோம். அது அகலம் குறைந்த தெரு. இரண்டு பக்கமும் மாடிக் கடைகள். கடைக்கு முன்னால் தூண் வைத்து நடைபாதைக்குக் கூரை போட்டிருந்தார்கள். அதை அங்கே அஞ்சடி என்று சொன்னார்கள். கீழே ஒரு சீனர் ஊதுபத்தி விற்றார், மேலே ஓர் அறையில் மாமாவும் இன்னொருத்தரும் குடியிருந்தார்கள்.

அந்த இன்னொருத்தர்தான் இறங்கி வந்தார். கிட்டங்கியில் சமையல் வேலை பார்க்கிறவராம், அறந்தாங்கிப் பக்கத்து ஆள். எங்களைப் பார்த்ததும் கையைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க இப்புடி வந்து நிக்கிறீங்க? அண்ணன் விடியறதுக்கு முன்னாடியே தட்டு, பழம், ஆசாரி எல்லாத்தையும் சம்பான்ல ஏத்திக்கிட்டுக் கப்பலுக்குல்ல போயிருக்காரு. தங்கச்சிய நேர்ல போயி அழைக்கணும்னு."

சம்பான் என்பது அங்கே துடுப்புப் போடுகிற சின்னப் படகு. நாங்கள் கப்பலின் ஒரு பக்கத்தில் மோட்டார் படகில் இறங்கியபோது, மாமா சீர்த் தட்டோடு மறுபக்கத்தில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறார். உலகத்தில் வேறு யாருக்காவது இப்படி நடக்குமா? அழைக்காமல் போகக்கூடாது என்று இவளும், போய் அழைக்கவேண்டும் என்று அவரும். வேறு ஜாதி ஜனமாக இருந்தால் கரையில் நின்று கையை ஆட்டியிருப்பார்கள். வேலை முடிந்திருக்கும்.

"சரி, திரும்புவோம்" என்றார் அப்பா.

"வேணாம்" என்றாள் அம்மா. "நாம அங்கிட்டுப் போவோம், அவுக இங்கிட்டு வருவாக. மறுபடி மாறிப்போகும். கப்பல்ல நான் இல்லேன்னு தெரிஞ்சா அண்ணன் வீட்டுக்குத்தான் வரும். நான் இங்கயே நிக்கிறேன்."

சமையல்காரர், "மேல வந்து ஒக்காருங்க. காப்பி போடுறேன்" என்றார்.

"அண்ணன் வந்து வான்னு கூப்பிடாம அந்த வீட்டுப் படியேற மாட்டேன்."

"அப்ப காப்பிய இங்கயே கொண்டாரேன்."

"அந்த வீட்டுத் தண்ணியும் வேணாம். அழைக்காத வீட்டுல கை நனைக்கக்கூடாது."

அந்த மனுஷர் நல்லவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எதுத்த கடையில வாங்கியாரேன், அது எங்க வீட்டுது இல்ல" என்றார். அத்தை சிரித்துவிட்டாள். எதிர்க் கடைக் காப்பியை அத்தை குடித்தாள், நான் குடித்தேன், அப்பா இரண்டு குடித்தார். அம்மா குடிக்கவில்லை. ஊதுபத்திக் கடைக்குப் பக்கத்துத் தூணோரமாக நின்றாள். கடைக்காரச் சீனம்மா ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, உட்காரச் சொல்லிச் சைகை காட்டினாள். அந்த முக்காலி மாமா வீட்டைச் சேர்ந்ததா இல்லையா என்று அம்மா யோசித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கடைசிவரை உட்காரவில்லை.

"பாரு, திருமயம் கோட்டை மாதிரி நிக்கிறா" என்றாள் அத்தை. "பீரங்கி வச்சாலும் நகர மாட்டா."

அப்பா எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார். நம் ஆள் நடத்துகிற சாப்பாட்டுக்கடை, வாழை இலை, மீன் குழம்பு. நான் வயிறு முட்டச் சாப்பிட்டேன். அம்மா அங்கே நிற்கிறாள் என்று எனக்குத் துக்கம் ஒன்றும் வரவில்லை. காது குத்தாமலே கப்பல் போய்விட்டால் நல்லது என்று இருந்தது, ஏனென்றால் அந்தப் பக்கத்து மேஜையில் ஒரு குழந்தைக்குக் காது புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

"ஏன் தம்பி, அவருதான் இன்னும் வரலைல்ல, நீ ஒரு எட்டு கரையில போயிப் பாத்துட்டு வாயேன்" என்றாள் அத்தை.

"போயிப் பாத்து? அவரு கப்பல்ல இவளுக்காகக் காத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. தங்கச்சி திரும்பி வந்து நம்மளக் காணோம்னா என்ன நெனைக்கும்னு சொல்லிக்கிட்டு. எனக்குத் தெரியாதா அந்த வம்சத்த? ரெண்டும் ஒரே வார்ப்பு."

"அது தெரிஞ்சா அவகிட்ட சொல்லுறதுதானே?"

"சொன்னாக் கேப்பாளா?"

இரண்டு பேரும் மோரை ஊற்றிச் சாப்பிட்டார்கள். சொல்லிப் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் குடும்பத்தில் இதுதான் வழக்கம். ஒருத்தர் பிடிவாதத்தை மற்றவர்கள் வெயில், மழை மாதிரி எடுத்துக்கொள்வார்கள். அதுபாட்டுக்கு அடிக்கும், அதுவாக ஓயும் என்று குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்கள்.

திரும்பி வந்தபோது அம்மா அதே தூணோரம். சமையல்காரர் அவளுக்குத் துணையாகப் படியில் உட்கார்ந்து வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மாமாவைப் பற்றி அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் போல. மாமாவுக்கு மூட்டுவலி. மாமா ராத்திரி சோறு சாப்பிடுவதில்லை, ரொட்டிதான். மாமா ஊர்ப்பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊர்ப்பேச்சு வந்தா ஏன் எந்திரிச்சுப் போகுது?"

"அது என்னமோங்க. இத்தன வருசம் போகாம இருந்துட்டு இப்ப எந்த மொகத்தோட போறதுன்னு ஒரு நாள் சொல்லுச்சு. ஒரு வருசம் தப்பிப்போச்சுன்னா அடுத்த வருசம் இன்னும் கஷ்டமாப் போகுதாம். மருமகளுக்குக் காது குத்தாமக் கெடக்குன்னு நெனச்சாலே வெக்கமா இருக்காம்."

அம்மா தலையைத் திருப்பினாள். தெருவைப் பார்த்தாள்.

வெயில் சாய்ந்தது. மாமா வரவில்லை. இனி நின்றால் கப்பலை விட்டுவிடுவோம் என்று அப்பா சொன்னார். அம்மா தூணை விட்டு நகர்ந்தாள். நடந்தாள். மோட்டார் படகில் ஏறிக் கப்பலைப் பார்க்காமல் ஊரைப் பார்த்து உட்கார்ந்தாள். அத்தை வாயைத் திறந்தாள். பாலம் கட்டுகிற கதையைத்தான் எடுக்கப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் தாடை ஆடிக்கொண்டிருந்தது. அத்தை அதைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அத்தை வாயில் வந்த பேச்சை விழுங்கியதை என் ஆயுளில் அன்று ஒரு தடவைதான் பார்த்தேன். விழுங்கியது அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. படகு கப்பலைத் தொடுகிறவரைக்கும் விக்கலெடுத்தாள்.

டெக்கில் எங்கள் பாயில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார்.

தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. புது வேட்டி, புதுச் சட்டை, கழுத்துவரை பித்தான். அவரைச் சுற்றிப் பித்தளைத் தட்டுகள். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பட்டுப் பாவாடை, ஒரு சேலை, ஒரு சின்ன நகைப் பெட்டி. பக்கத்தில் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓர் ஆசாரி. சம்பானில் வரும்போதே அவருக்குத் தலைசுற்றல் வந்துவிட்டதாம். கப்பல் அசையாமல் நின்றும் சரியாகவில்லையாம். டெக்கில் இருந்த சனம் முழுக்க அவர்களைச் சுற்றி நின்று பார்த்தது. விடிந்ததிலிருந்து அவர்களுக்கும் வேறு பொழுதுபோக்கு இல்லை.

மாமா எழுந்தார்.

"எங்கத்தா போயிட்ட?"

"ஒங்க வீட்டு வாசல்லதான் நின்னேன்."

"வீட்டுக்கு எதுக்குப் போன? அண்ணன் கூப்பிடாமத் தங்கச்சி வருவாளா?"

"வரலையே. வாசல்லதானே நின்னேன்னு சொல்றேன்."

"நான் ஒன்னயக் கூப்பிடத்தான் வந்தேன்."

"கூப்பிட வந்தவுக, ஆளக் காணோம்னா திரும்பி வரவேணாமா?"

"வந்து பாத்துட்டு அண்ணன் வரலைன்னு நீ நெனச்சிட்டா?"

அப்பா எங்களைப் பார்த்து, நான் சொல்லவில்லையா என்பது போலத் தலையை ஆட்டினார். அதற்குள் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். மாமாவும் அழுதார். டெக்கில் பாதிப்பேர் அழுதார்கள். வெங்காயம் உரிக்கிறவர் மட்டும் அழவில்லை, அவருக்குப் பழகிவிட்டது.

"சாப்பிட்டீங்களாண்ணே?" என்று அம்மா கேட்டாள்.

"நீ சாப்பிட்டியா?"

இரண்டு பேரும் சாப்பிடவில்லை. நாங்கள் மீன் குழம்பு சாப்பிட்டோம் என்று நான் சொன்னேன். அத்தை என் தொடையைக் கிள்ளினாள்.

"அழுகைய அப்பறம் வச்சுக்கங்க மச்சான்" என்றார் அப்பா. "கப்பல் கெளம்பப் போகுது. வேலைய முடிங்க."

மாமா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என்னைத் தூக்கி மடியில் வைத்தார்கள். ஒன்பது வயதில் மடியில் உட்காருவது என்ன அசிங்கம் என்று அந்தப் பெரியவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. என் கால் பாயைத் தாண்டிப் பக்கத்துக் குடும்பத்தின் படுக்கைவரை நீண்டது. அவரிடம் தவிட்டு வாசனை அடித்தது. "தாயி, வலிக்காது தாயி" என்றார். இவர் காது இவருக்கு எப்போது குத்தியதோ, எப்படித் தெரியும்? நான் அவர் கையைக் கடித்தேன்.

"அப்புடியே ஒந்தங்கச்சி மக" என்றாள் அத்தை. விக்கல் நின்றிருந்தது.

ஆசாரி வாளியை விட்டுவிட்டு வந்தார். நகைப் பெட்டியில் இரண்டு தங்க வளையம் இருந்தது. என் வலது காதைப் பிடித்தார். நல்ல நாளிலேயே ஆசாரி கையில் ஊசியைப் பார்த்தால் பயம் வரும், வாந்தியெடுத்த ஆசாரி கையில் பார்த்தால் எப்படி இருக்கும்? குத்தினார். நான் கத்திய கத்தலில் மேல்தளத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆட்டை அறுக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். வளையம் ஏறியது. சனம் எல்லாம் சிரித்தது. யாரோ ஒரு புண்ணியவான் வாழைப்பழத்தை எடுத்து என் வாயில் திணித்தார், கத்தலை அடக்க.

ஆசாரி இடது காதுக்கு வந்தார். அப்போது கப்பல் சங்கு ஊதியது.

ஆசாரி துள்ளி எழுந்தார். "கப்பல் எடுத்துட்டான்! என்னையச் சிங்கப்பூர் கொண்டுபோயிருவான்!" என்று ஏணிப் பக்கம் ஓடப் பார்த்தார். மாமா அவர் வேட்டியைப் பிடித்து நிறுத்தினார்.

"இருய்யா, இன்னொரு காதையும் குத்திட்டுப் போ. ஒரு நிமிசம்."

"வேணாம்ணே" என்றாள் அம்மா.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். அழுத முகம் துடைத்த மாதிரி இருந்தது. என்னை மடியிலிருந்து இழுத்துத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டாள்.

"நேரமாச்சு. நீங்க எறங்குங்க. கப்பல் கெளம்பிட்டா வம்பு."

"ஒத்தக் காதோட எப்புடி அனுப்புறது? நல்லாருக்குமா?" என்றார் மாமா.

"இன்னொண்ண அப்பறம் குத்திக்கலாம்."

"சரி, அங்க ஒரு ஆசாரிய வச்சு..."

"ஆசாரி இருப்பாரு. மடி?" என்றாள் அம்மா. நகைப் பெட்டியில் கிடந்த மற்ற வளையத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினாள். "இத நீங்களே வச்சிருங்க. வாரப்பக் கொண்டாங்க."

மாமா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆசாரிதான் அவரை இழுத்துக்கொண்டு போனார். சம்பான் கரையை நோக்கிப் போவதை அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மாமா எழுந்து நின்று கையை ஆட்டினார். படகு ஆடியது. ஆசாரி அவர் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தது தெரிந்தது.

கப்பல் கிளம்பவில்லை.

சம்பான் கண்ணுக்கு மறைந்தது. மோட்டார் படகு இன்னும் இரண்டு நடை ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தது. மூட்டைகள் ஏறின. விளக்கு போட்டார்கள். கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. ஊதியது எங்கள் கப்பலே இல்லை, பக்கத்தில் நின்ற இன்னொரு கப்பல் என்று வெங்காயம் உரிக்கிறவர் சொன்னார். அந்த நேரத்தில் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் காது குத்தியிருக்கலாம்.

"ஏத்தா, அது வேற கப்பல்னு ஒனக்குத் தெரியாதா?" என்று அத்தை கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும் மதினி? நான் கப்பல்லயா பெறந்து வளந்தேன்?" என்றாள் அம்மா. தட்டிலிருந்த பழத்தை எடுத்து உரித்துச் சாப்பிட்டாள். அன்றைக்கு அதுதான் அவள் வாயில் பட்ட முதல் ஆகாரம். நிதானமாகச் சாப்பிட்டாள். அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெற்றிலையை எடுத்து மடித்து அவளிடம் நீட்டினாள். அத்தை அம்மாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்ததும் அதுதான் முதல் தடவை.

சிங்கப்பூரில் நான் பட்ட பாட்டை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். முன்பு மூளி என்றார்கள், இப்போது ஒத்தைக் காது என்றார்கள். இரண்டு காதும் மொட்டையாக இருந்தால் ஏழை என்று விட்டுவிடுவார்கள், ஒரு காதில் தங்கமும் ஒரு காதில் ஒன்றும் இல்லாமலும் இருந்தால் நிறுத்திவைத்துக் காரணம் கேட்பார்கள். அப்பா வேலை பார்த்த கடைக்கு மேலேயே நாங்கள் குடியிருந்தோம், கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். மற்றது தொலைந்துபோச்சா பாப்பா என்று தெருவில் குனிந்து தேடிக்கூடப் பார்த்தார்கள். அப்பாவுக்கு மானம் போனது. அடுத்த தெருவிலேயே ஆசாரி இருக்கிறார், கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அம்மா அசையவில்லை.

கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா ஒரே பதிலைச் சொன்னாள்: "அவ மாமன் வந்து குத்துவாரு. பினாங்குல இருக்காரு." பினாங்குப் பக்கம் போகிற ஆள் யாராவது கடைக்கு வந்தால் என்னைக் கூப்பிட்டு, தலையைத் திருப்பி, இரண்டு காதையும் காட்டி அனுப்புவாள். நான் சந்தைக்கு வந்த மாடு மாதிரி நிற்பேன். போனவர்கள் மாமாவைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். ஒருத்தர் இரண்டு பேர் சொன்னால் தாங்கலாம். கிட்டங்கிக்கு வருகிறவன் போகிறவனெல்லாம், என்னண்ணே மருமகள் ஒத்தைக் காதோடு நிக்குதே என்று கேட்டால் எந்த மனுஷன் தாங்குவான்?

மாமா வந்துவிட்டார். ஊருக்கு வருவதற்கு இத்தனை வருஷம் முடியாதவர், ரயிலேறிச் சிங்கப்பூருக்கு வந்து நின்றார். கையில் வளையம். இரண்டு நாள்தான் லீவு என்றார். முதலாளி கண்டிப்பானவராம்.

அம்மா வாசலுக்கு ஓடிப்போய், "வாங்கண்ணே" என்று மூன்று தடவை கூப்பிட்டாள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் பஞ்சாங்கத்தை எடுத்தாள்.

மறுநாள் அஷ்டமி. அதற்கு மறுநாள் நவமி. அதற்கடுத்த நாள் எனக்குச் சந்திராஷ்டமம். அதற்கடுத்த நாள் என்னவோ ஒரு பொருந்தாத நட்சத்திரம். மாமா முதலாளிக்குத் தந்தி கொடுத்தார். அம்மா தினம் ஒரு குழம்பு வைத்தாள். ராத்திரி ரொட்டி சுட்டாள், மூட்டுக்கு எண்ணெய் காய்ச்சினாள். மாமாவும் அப்பாவும் கடை வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். யாருக்கும் என் காது ஞாபகமே இல்லை. நான்தான் தினம் காலையில் போய், இன்றைக்காவது குத்துவீர்களா மாட்டீர்களா என்று கேட்டுச் சண்டை போட்டேன்.

"நாள் நல்லால்ல" என்பாள் அம்மா.

"பஞ்சாங்கத்துல நல்ல நாளே இல்லாத மாசம் இது ஒண்ணுதான்" என்பாள் அத்தை, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால். ஆனால் முன்பு மாதிரி குத்திச் சொல்லமாட்டாள்.

ஒரு நாள் மாமா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஏத்தா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. காது குத்தினாலும் நான் ஒடனே போகமாட்டேன். போனாலும், அடுத்த வருசம் தைக்கு ஊருக்கு வாரேன். நீயும் வா, சேந்து போவோம்."

அம்மா அவரைப் பார்த்தாள். பஞ்சாங்கம் பக்கத்தில்தான் கிடந்தது. அதைத் தொடவில்லை.

"நாளைக்கு நல்ல நாள்தாண்ணே" என்றாள்.